பாவை விரிய நாற்பது நிமிடம்

முதல் சொட்டு எரிந்தது. இரண்டாவது சொட்டு அந்த எரிச்சலுக்குள்ளேயே விழுந்ததால் தனியாகத் தெரியவில்லை. "ஆவுடைச்செல்வி, முப்பத்துமூணு வயசு, நீங்கதானே? மூடிக்கங்க. கசக்கக் கூடாது. பத்து நிமிஷத்துக்கொரு தரம் வந்து ஊத்துவேன். கண்ணுப் பாவை நல்லா விரியணும், எப்படியும் நாப்பது நிமிஷம் ஆகும்" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் பெஞ்சில் அடுத்த ஆளிடம் நகர்ந்தாள். செல்வி கண்களை மூடிக்கொண்டாள். மூடியதும் கூடம் முழுவதும் காதுக்குள் வந்துவிட்டது: ரப்பர் செருப்புகள் தேயும் சத்தம், யாரோ யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிடுவது, எங்கோ ஒரு குழந்தை 'வேணாம் வேணாம்' என்று ஒரே சுருதியில் சொல்லிக்கொண்டிருப்பது. வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. இந்நேரம் அவள் ஆய்வகத்தில் இருந்திருக்க வேண்டும். ஆய்வகத்திலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை; மதுரை முழுவதும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவள் மாதிரி இங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகக் கண்ணுக்குள் மிதந்த அந்தக் கருப்பு நூல் இப்போது தெரியவில்லை. இமைக்குள் சிவப்பும் கருப்பும் கலந்த ஒரு மங்கல்தான் இருந்தது. போய்விட்டதா, இருக்கிறதா? திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். திறந்து பார்க்கத்தான் ஆசையாக இருந்தது, அதே அளவுக்குப் பயமாகவும் இருந்தது. பல்லிடுக்கில் மாட்டிய தேங்காய் நாரை நாக்கு போய்ப் போய்த் தொடுவதுபோல மனசு அந்த நூலையே போய்த் தொட்டுக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில்தான் அது வந்தது. மைக்ராஸ்கோப் அறை எப்போதும் இருட்டாக இருக்கும், ஏசி எலும்பைக் குடையும், அவள் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு ஒரு சுண்டெலியின் விழித்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழித்திரையைக் கண்ணிலிருந்து உரித்து, நாலு பக்கமும் கீறி, கண்ணாடித் தகட்டில் விரித்தால் நாலிதழ்ப் பூ மாதிரி இருக்கும். ரத்தக்குழாய்கள் பச்சையாகவும், அந்தக் குழாய்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் செல்கள் சிவப்பாகவும் ஒளிரும். பெரிசைட் என்று அந்தச் செல்களுக்குப் பெயர். மெல்லிய குழாய்க்குத் தானாக நிற்கத் தெம்பு கிடையாது. வெளியிலிருந்து இந்தச் செல்கள் விரல் விரலாய்ப் பற்றிக்கொண்டு, எப்போது இறுக வேண்டும், எப்போது தளர வேண்டும் என்று பார்த்துக்கொள்கின்றன. அவை செத்துப்போனால் குழாய் அங்கங்கே புடைக்கும், பிறகு கசியும். சர்க்கரை நோயில் கண் போகிறவர்களுக்கு முதலில் போவது இந்தச் செல்கள்தான். ஆனால் சுண்டெலிக்குச் சர்க்கரையை வரவைத்தாலும் அது மனிதனுக்குப் போல முற்றுவதில்லை. முற்றுவதற்கு அதற்கு ஆயுசு ஏது? இரண்டு வருடம் இருந்தால் பெரிசு. அதனால்தான் மரபணுவில் கை வைக்க வேண்டியிருந்தது. இந்தச் சுண்டெலிகள் அதற்காகவே உண்டாக்கப்பட்டவை. பிறந்த குட்டிக்கு ஒரு மருந்தை ஊசியில் ஏற்றினால் பெரிசைட்டில் மட்டும் ஒரு மரபணு அணைந்துவிடும், அந்தச் செல் பிடியை விட்டுவிடும். முப்பது வருடத்தில் ஒரு மனிதக் கண்ணுக்குள் நடப்பதை ஒரு வாரத்தில் நடத்திப் பார்த்துவிடலாம். அப்படி ஒரு வாரம் நடந்து முடிந்த விழித்திரையைத்தான் அன்றைக்கு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைக் குழாய்க்குக் குறுக்கே கருப்பாய் ஒரு நூல் கிடந்தது. தூசி என்று நினைத்தாள். தகட்டை நகர்த்தினாள், பூ நகர்ந்தது, நூல் நகரவில்லை. லென்ஸில் இருக்கும் என்று லென்ஸைத் துடைத்தாள். கண் வைக்கும் குழலில் அழுக்கிருந்தால் குழலைத் திருகும்போது அழுக்கும் சேர்ந்து சுற்றும், திருகினாள், சுற்றவில்லை. ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து வந்து கடைசியில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. எழுந்து விளக்கைப் போட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். சுவரிலும் இருந்தது. வலது பக்கம் பார்த்தால் வலது பக்கம் மிதந்து, நிறுத்தினால் கொஞ்சம் தாமதித்து நின்றது, குளத்துப் பாசி மாதிரி. வலது கண்ணைப் பொத்தினாள், இருந்தது. இடது கண்ணைப் பொத்தினாள், இல்லை. இடது கண். அவள் உட்கார்ந்து, பாதியில் விட்ட தகட்டைப் பார்த்து முடித்துவிட்டு, குறிப்பேட்டில் எழுதிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டாள். எப்படிச் சாப்பிட முடிந்தது? அதுதான் இப்போது யோசித்தால் தன்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. சப்பாத்தியும் பீர்க்கங்காய்க் கூட்டும். கடைசித் துண்டு வரை சாப்பிட்டாள்.

"பார்த்து, கால் இருக்கு" என்றது ஒரு குரல். யாரோ தாண்டிப் போனார்கள். பெஞ்ச் அசைந்தது. இன்றைக்கு ஏழாம் நாள், அந்த நினைப்பு ஊசி மாதிரி வந்து குத்தியது. போன வியாழக்கிழமை பிறந்த ஈத்து, ஆறு குட்டிகள், இன்றைக்குக் காலையில் அவற்றின் கண்களை எடுத்திருக்க வேண்டும். ஏழாம் நாள் என்றால் ஏழாம் நாள்தான், எட்டாம் நாள் குட்டியின் கண்ணை ஏழாம் நாள் குட்டியோடு சேர்த்து எழுத முடியாது. மூன்று வருடத்தில் ஒரு ஏழாம் நாளைக்கூட அவள் தவறவிட்டதில்லை. அண்ணன் கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் பட்டுப்புடவையோடு வந்து எடுத்துவிட்டுப் பந்திக்குப் போனவள். குட்டி பிறந்த முதல் மூன்று நாளும் ஊசி போட வேண்டும். ரோஜா நிறத்தில், சுண்டுவிரல் கணு அளவுக்கு, கண் திறக்காமல், ரோமம் இல்லாமல் இருக்கும். தோல் அவ்வளவு மெல்லிசு. குடித்த பால் வயிற்றுக்குள் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். அந்தப் பால் தெரிவதை வைத்துத்தான் தாய் ஒதுக்காமல் பார்த்துக்கொள்கிறதா என்று கண்டுபிடிப்பது. மக்காச்சோள எண்ணெயில் கரைத்த மருந்தை, அந்த வெள்ளைப் பொட்டில் படாமல், பக்கத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு இன்சுலின் ஊசியைவிட மெல்லிசான ஊசி கிடையாது. மருந்துக்கடைக்காரர் கொடுக்கிற அதே ஊசி, அதே ஆரஞ்சு மூடி. பத்து மணிக்குக் குட்டிகளுக்கு. ஒரு மணிக்கு, வீட்டிலிருந்து கொண்டுவந்த இன்னொன்றை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய், சுடிதாரைத் தூக்கித் தன் வயிற்றில். கையில் நம் வாசனை இருந்தால் தாய் குட்டியைக் கடித்துத் தின்றுவிடும் என்று, திருப்பி வைக்கும் முன் கூண்டில் கிடக்கும் மரத்தூளை எடுத்துக் கையுறையில் தேய்த்துக்கொள்வாள். அதையும் மறந்ததில்லை. எதையும் மறந்ததில்லை. கூண்டு கூண்டாய், வால் வாலாய், எந்தக் குட்டிக்கு எந்த மரபணு என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். சொந்தக் கண்ணை ஒருவரிடம் காட்ட வேண்டும் என்பது மட்டும்... மறந்துவிட்டதா? இல்லை. மறக்கவில்லை என்பதுதான் தொல்லை. மறந்திருந்தால் மன்னிக்கலாம்.

இரண்டாம் சுற்று. "மேல பாருங்க" என்று சிஸ்டர் கீழிமையை இழுத்தாள், குளிர்ந்து விழுந்தது. அந்த ஒரு நொடிக்குள் செல்வி பார்த்துவிட்டாள்: டியூப்லைட்டின் குறுக்கே அது இருந்தது. ஒரு நூல் இல்லை, இரண்டு. இரண்டையும் சுற்றி லேசான புகை. செவ்வாய்க்கிழமை புகை இல்லை. புதன்கிழமை? புதன்கிழமை இருந்ததா? கண்ணை மூடியபிறகு, பார்த்தது நிஜமா பயமா என்று சந்தேகம் வந்தது. "உங்களுக்கும் புரையா?" என்றது பக்கத்துக் குரல். பெண் குரல், நாற்பது இருக்கலாம், மல்லிகைப்பூவும் பவுடரும் கலந்த வாசனை. "இல்லக்கா. சுகர்." "இந்த வயசுலயா?" "பதினோரு வயசுலேருந்து." அந்த அம்மாள் உச்சுக் கொட்டினாள். பிறகு, "நான் மாமியாருக்குத் துணைக்கு வந்தேன். அவங்களுக்குப் புரை ஆபரேசன், உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில நிக்கிறேன். மாரீஸ்வரின்னு பேரு" என்றாள். நிற்கிறேன் என்றுதான் சொன்னாள், வேலை பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. "உக்காந்து இவ்வளவு நேரம் ஆகுதுன்னா எனக்கு ஒரு மாதிரி இருக்கு, காலு என்னமோ கேக்குது" என்று அவளாகவே சிரித்துக்கொண்டாள். செல்வியும் சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே இருக்க, உள்ளே வேறொன்று ஓடியது.

பதினோரு வயதில் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அம்மா முதலில் சொன்னது 'யார்கிட்டயும் சொல்லாத' என்பதுதான். பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு ஒரு இடத்தில் கொடுக்க வேண்டும். சொல்லாமல் இருப்பதற்குச் சின்ன வயதிலேயே கை பழகிவிட்டது. டியூஷனில் வடை கொடுத்தால் 'விரதம்' என்பாள், ஹாஸ்டலில் ஊசியை 'விட்டமின்' என்பாள். பொய் ஒன்றும் பெரிய மலை இல்லை, படிக்கட்டு மாதிரிதான், ஒன்றில் கால் வைத்தால் அடுத்தது தானாக வரும். சங்கரபாண்டி வீட்டார் பெண் பார்க்க வந்தபோது அம்மா 'லேசா சுகர் இருக்கு' என்றாள், லேசா என்று. அவர் அதைக் கேட்டுவிட்டு, 'எங்க வீட்ல எல்லாருக்கும் சுகர்தான், பாயசம் வச்சா நாய்தான் குடிக்கும்' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வயசானபிறகு வருகிற அந்த சுகருக்கும், ஊசி இல்லாமல் ஒரு நாளும் தாங்காத இந்த சுகருக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் கல்யாணத்துக்குப் பிறகு தானாகப் படித்துத் தெரிந்துகொண்டார். நில அளவைத் துறையில் சர்வேயர். எதையும் இரண்டு தரம் அளக்காமல் எழுதாத ஆள். ராத்திரி அவள் சுகர் இறங்கி வியர்த்தால், கேட்காமலேயே எழுந்து குளுக்கோஸ் கரைத்துக்கொண்டு வந்து நிற்பார். அந்த மனுஷனிடம்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், குழந்தைக்கென்று ஒரு லேடி டாக்டரைப் பார்த்தபோது அந்த டாக்டர் தெளிவாகச் சொன்னார்: கிட்னியையும் கண்ணையும் காட்டிவிட்டு வாருங்கள், கர்ப்பம் வந்தால் கண் வேகமாகக் கெடும், அதனால் முதலில் கண். கிட்னி ரிப்போர்ட் வாங்கியாயிற்று. கண்ணுக்கு ஒரு சனிக்கிழமை குறித்தார்கள். சங்கரபாண்டிக்கு மேலூரில் அளவை இருந்தது, 'நீ போயிட்டு வந்துரு' என்றார். அவள் கிளம்பினாள். பஸ் ஏறினாள். இந்த ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கவும் செய்தாள். இறங்கி, வாசல் வரை வந்து, எதிர்ப்பக்கம் நடந்து, இன்னொரு பஸ் பிடித்து ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். அன்றைக்கு ஊசி போட வேண்டிய குட்டிகள் இருந்தன என்பது உண்மைதான், ஆனால் அவை மத்தியானம் வரை காத்திருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் ஷூகூடக் கழற்றாமல் கேட்டார். 'கண்ணு கிளீன்னு சொல்லிட்டாங்க' என்றாள். அவர் முகம் மலர்ந்த விதம் இருக்கிறதே. அதைப் பார்த்தபிறகு திருப்பி எடுக்க முடியவில்லை.

ஏன் போகவில்லை? இந்த இரண்டு வருடமாக இந்தக் கேள்வியைப் பல பக்கமிருந்தும் போய்ப் பார்த்தாயிற்று. நேரமில்லை, அது பொய். பயம், அது பாதி. தெரியாதவர்கள் பயப்படுவது வேறு. அவளுக்குத் தெரியும். பெரிசைட் பிடியை விட்ட இடத்தில் குழாய் எப்படி வெறுமையாகக் கிடக்கும் என்று தெரியும், அந்த இடத்துக்கு இன்னொன்று திரும்பி வருவது எவ்வளவு அரிது என்று தெரியும், மூன்றாம் நாள் எப்படி, ஐந்தாம் நாள் எப்படி, ஏழாம் நாள் எங்கே சிவப்பாகக் கசிந்து பரவியிருக்கும் என்று தெரியும். அந்தக் குட்டிகளுக்குத் தெரியாது. பால் குடித்துவிட்டு ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும், கண்கூடத் திறந்திருக்காது. திறக்காத கண்ணுக்குள்ளே நடந்துகொண்டிருக்கும். தானும் அப்படித்தான் தூங்க நினைத்தாளா? ஆனால் அவைகளுக்கு வேறு வழியில்லை, அவளுக்கு ஒரு பஸ் தூரம்தான். மூன்று வருடத்தில் எத்தனை நூறு விழித்திரை பார்த்திருப்பாள். ஊசி போட்டதையும் போடாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது குறைந்திருக்கிறது என்று பார்ப்பது. அதில் பார்த்த ஒவ்வொன்றையும் 'இது என்னுடையது இல்லை' என்று சொல்லிக்கொண்டேதான் பார்த்தாள் என்பது இப்போது, கண் மூடியிருக்கும்போது, நன்றாகத் தெரிந்தது. இந்த இரண்டு வருடத்தில் மாசம் தள்ளிப்போன நாலு தடவையும் அவளுக்கு ஆசை வரவில்லை, கிலிதான் வந்தது. அவர் காலண்டரைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் குளிக்கப் போவார். குளியலறையில் பாட்டுச் சத்தம் கேட்கும். மறுபடி நாள் வந்ததும் அந்தப் பாட்டு நின்றுவிடும். தப்பித்தோம் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அவரோடு ஒரே பாயில் படுத்துக்கொண்டு, அவர் துக்கத்தைத் தன் தப்பித்தலாக நினைத்துக்கொள்வாள்.

மூன்றாம் சுற்றும் முடிந்தது. மடியில் போன் அதிர்ந்தது. எடுத்துக் கண்ணைத் திறந்தாள். வெளிச்சம் ஊசி ஊசியாகக் குத்தியது, திரையில் எழுத்தே இல்லை, வெள்ளையில் சாம்பல் கோடுகள்தான். தள்ளி வைத்துப் பார்த்தாள், கிட்டே வைத்துப் பார்த்தாள். மருந்து செய்கிற வேலைதான் இது, பாவை விரிந்தால் கிட்டத்துப் பார்வை போய்விடும், சாயங்காலம் திரும்பிவிடும், எல்லாம் தெரியும். தெரிந்தும் இன்னொரு தரம் கிட்டே வைத்துப் பார்த்தாள். இப்படித்தான் இருக்குமோ. இப்படியே இருந்துவிட்டால்.

"அக்கா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

மாரீஸ்வரி போனை வாங்கி, எழுத்துக் கூட்டுவதுபோல நிதானமாகப் படித்தாள். "பாண்டின்னு போட்டிருக்கு. 'மத்தியான ஊசியை வீட்லயே வச்சிட்டுப் போயிட்ட. கொண்டாந்து தரலாம்னு லேபுக்குப் போன் பண்ணேன். நீ இன்னைக்கு வரவே இல்லைன்னு சொல்றாங்க. எங்க இருக்க?' அவ்வளவுதான்." போனைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "வீட்டுக்காரரா? சொல்லிட்டு வரலையா?" என்றாள்.

"சொல்லலை."

"போன் போட்டுக் குடுக்கட்டா? பேசிரு."

"பேசுனா அழுதுருவேன்க்கா. நான் சொல்றேன், நீங்க எழுதி அனுப்புறீங்களா?"

"எனக்கு வேகமா வராது."

"மெதுவாவே சொல்றேன்." கண்ணை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டால் சொல்வது சுலபமாக இருக்கும் என்று தோன்றியது, இருக்கவில்லை. "கண் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கேன். இடது கண்ணுல கருப்பா நூல் மாதிரி தெரியுது."

விரல் கண்ணாடியில் தட்டும் மெல்லிய சத்தம். "தெரியுது. ம். அப்புறம்?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கண்ணு காட்டிட்டேன், கிளீனா இருக்குன்னு சொன்னது பொய். காட்டவே இல்ல."

தட்டும் சத்தம் நின்றது. குழந்தை எங்கோ 'வேணாம்' என்பதை நிறுத்திவிட்டிருந்தது. "பொய்யிங்கிறதை அப்படியேவா போடச் சொல்ற?" என்றாள் மாரீஸ்வரி, குரலைத் தாழ்த்தி. "போக முடியல, மறந்துட்டேன்னு போட்டா என்னம்மா? நாங்கள்லாம் அப்படித்தான் சொல்லிக்குவோம். குடும்பம் நடக்கணும்ல."

அப்படிப் போடலாம். போட்டால் அவர் நம்புவார். நம்புகிற ஆள்தான் அவர், அதுதான் கொடுமை. மறந்துட்டேன் என்ற வார்த்தை வாய்க்குள் வந்து, தித்திப்பாக, நாக்கின் மேல் உட்கார்ந்தது. இன்னும் ஒரு படிக்கட்டு. அதற்கப்புறம் இன்னொன்று. "இல்லக்கா" என்றாள். "பொய்னே போடுங்க."

மாரீஸ்வரி போட்டாள். ஒரு தடவை முழுவதையும் படித்துக் காட்டிவிட்டு, "அனுப்பவா?" என்று கேட்டுவிட்டு அனுப்பினாள். தன் வார்த்தைகளை வேறொருத்தி குரலில் கேட்டபோது யாரோ ஒரு பெண்ணின் கதை மாதிரி இருந்தது. அந்தப் பெண் மேல் செல்விக்குக் கோபமும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை, 'சீக்கிரம் சொல்லியிருக்கலாமே' என்று மட்டும் தோன்றியது. பதில் உடனே வரவில்லை. அவர் இப்போது வாசலில் நின்று படித்துக்கொண்டிருப்பார், ஊசிப்பெட்டி ஒரு கையில். இரண்டு தரம் படிப்பார். நாலு தடவை மாசம் தள்ளிப்போனதை நினைப்பார். பாட்டுப் பாடியதை நினைப்பாரோ. மாரீஸ்வரியின் மாமியாரை வெளியே கூட்டிவந்துவிட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். எழுந்தவள், போகும் முன் போனை செல்வியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். "இப்பத்தான் ஒண்ணு வந்துச்சு. 'ஆஸ்பத்திரி பேரு சொல்லு'ன்னு கேட்டிருந்தாரு. நானே பேரைப் போட்டுட்டேன். தப்பா எடுத்துக்காத" என்றாள். மல்லிகை வாசனை கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு அதுவும் எழுந்து போயிற்று.

டாக்டர் அவள் வயதுக்காரப் பெண்ணாக இருந்தார். இருட்டறை, முகவாயை வைக்க ஒரு தாங்கி, நெற்றிக்கு ஒரு பட்டை. இந்த இருட்டு அவளுக்குப் பழகிய இருட்டுதான், உட்காரும் பக்கம்தான் மாறியிருந்தது. மேலே பாருங்கள், கீழே, காதுப்பக்கம், மூக்குப்பக்கம். வெளிச்சம் கண்ணின் அடிவரை போய்த் துழாவியது. பிறகு படம் எடுத்தார்கள். டாக்டர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "எலி ரெட்டினாவுல வேலை பாக்கிறேன்னு எழுதியிருக்கீங்க. அப்ப உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல, நீங்களே பாருங்க." செல்வி பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் விழித்திரையைப் பார்க்கிறாள், அது தெரியவில்லை. ஆரஞ்சாய் ஒரு வட்டம், அதற்குள் எல்லாம் கலங்கல், தண்ணீருக்குள் கிடக்கும் தட்டு மாதிரி. எத்தனை பேர் கண்ணை, வாலில் நம்பர் போட்டவர்களின் கண்ணை எல்லாம், ஒரு செல் விடாமல் படித்தவள், முன்னால் குனிந்து, பின்னால் சாய்ந்து, திரையைத் தொடாத குறையாகத் தேடினாள். "எனக்குத் தெரியலை டாக்டர்" என்றாள். "மருந்து விட்டிருக்கு. நீங்கதான் சொல்லணும்."

டாக்டர் நாற்காலியை இழுத்துக் கிட்டே போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் சொல்வதுபோலச் சொன்னார். இடது கண்ணில் பழைய குழாய்கள் கெட்டு, புதிதாகச் சில குழாய்கள் முளைத்திருக்கின்றன. அதில் ஒன்று கசிந்திருக்கிறது, நூலாகத் தெரிவது அந்த ரத்தம்தான். நடுப்பார்வை நன்றாக இருக்கிறது. வலது கண் அந்த அளவுக்குப் போகவில்லை. ஓரங்களில் லேசர் வைக்க வேண்டும், இன்றைக்கே ஒரு தடவை, அப்புறம் இரண்டு தடவை. "ஓரத்துப் பார்வை கொஞ்சம் குறையலாம். நடுவைக் காப்பாத்தத்தான் அது. போனது திரும்பாது, இருக்கிறதை நிறுத்தி வைக்கலாம். இன்னும் ஆறு மாசம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசிட்டிருப்பேன்." செல்விக்கு இதில் ஒரு வார்த்தைகூடப் புதிது இல்லை. ஆனால் எல்லாம் செய்தியாகக் கேட்டது. "குழந்தை?" என்றாள். "வேண்டாம்னு சொல்லலை. இப்ப வேண்டாம். லேசர் முடிஞ்சு, ஒரு வருஷம் கண்ணு அப்படியே நிக்குதான்னு பாப்போம். அப்புறம் பேசலாம்." ஒரு வருஷம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வாசலுக்குள் நுழைந்திருந்தால், இந்நேரம் இடுப்பில் இருந்திருக்கும் என்று ஒரு கணக்கு ஓடியது, ஓடவிட்டாள், நிறுத்தவில்லை.

லேசர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது யாரோ வந்து முன்னால் நின்றார்கள். முகம் தெரியவில்லை, காக்கி நிறத்தில் ஒரு உருவம், வெயிலும் மண்ணும் கலந்த மணம். அவர் ஊசிப்பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. "சுகர் பாத்தியா?" "காலையில பாத்தேன்." அவர் அவள் விரலைப் பிடித்துக் குத்தி, மெஷினில் வைத்து, நம்பரைச் சொன்னார். எத்தனை யூனிட் என்று அவள் சொன்னாள். அவரே ஏற்றிக் கொடுத்தார், துப்பட்டாவை விரித்து மறைத்துக்கொண்டு அங்கேயே போட்டுக்கொண்டாள். கூடவே ஒரு பிஸ்கட் பொட்டலத்தையும் தண்ணீரையும் தந்தார். அவள் தின்று முடித்தாள். டாக்டர் சொன்னதெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள், ஒரு வருஷம் என்பது வரை. அவர் ஊசிப்பெட்டியை மூடிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குக் கோவம் நிறைய இருக்கு, செல்வி" என்றார் கடைசியில், சாதாரணக் குரலில். "இங்க வச்சுப் பேச வேணாம். வீட்டுக்குப் போய்ப் பேசுவேன். நாளைக்கும் பேசுவேன்."

"பேசுங்க."

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நினைச்ச?"

அவள் யோசித்தாள். நேர்மையாக யோசித்தாள். "கூட வந்திருப்பீங்க" என்றாள். "வந்திருந்தா, என்னன்னு தெரிஞ்சிருக்கும். அது தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான்." அவர் எழுந்து போகவில்லை.

பேரைக் கூப்பிட்டார்கள். கையைப் பிடித்து வாசல் வரை கொண்டுவந்து விட்டார். உள்ளே மறுபடி அதே தாங்கி, அதே பட்டை. மரத்துப்போகச் சொட்டு விட்டு, கண்ணோடு ஒட்டி ஒரு கண்ணாடியை வைத்தார் டாக்டர். "அசையாதீங்க. நேரா என் காதைப் பாருங்க." பச்சையாய் ஒரு வெட்டு. இன்னொன்று. கண்ணுக்குள்ளே, பின்னால், மண்டையின் உட்சுவரில் யாரோ நகத்தால் சுண்டுவது போல. அவள் அசையவில்லை. இரண்டு நாளாக ஓடிக்கொண்டே இருந்த மனசு, இந்தச் சுண்டலுக்கும் அடுத்த சுண்டலுக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில் ஒதுங்கி நின்றது. இன்னொன்று, கொஞ்சம் ஆழமாக. தோள் தானாக இறுகியது.

"வலிக்குதா?" என்றார் டாக்டர்.

"இல்ல" என்றாள் செல்வி. பச்சை மறுபடி வெட்டியது. அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்த கையைத் தளர்த்திவிட்டு, "வலிக்குது டாக்டர்" என்றாள்.

"அதைச் சொல்லுங்க. சொன்னாத்தானே குறைச்சு வைக்க முடியும்" என்றார் டாக்டர். மெஷினில் ஏதோ ஒன்றைத் திருப்பும் சத்தம் கேட்டது.